நீலகிரியில் நிதானமாக வாழ்வதும் யோசித்து வாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், குன்னூரிலும் ஊட்டியிலும் வீடு எடுத்து அங்கிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள், கோடையில் இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. நான் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள். பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிதானமான வாழ்க்கை எல்லாம் வசதியானவர்களுக்குத்தானே?

நியாயமான கேள்வி. காலையிலேயே தேயிலைத் தோட்டத்தில் இறங்கி, முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம் போய் "அவசரப்படாமல் வாழுங்கள் அக்கா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பறிக்கிற எடையைப் பொறுத்தது அவர் கூலி. ஆகவே இந்தப் பேச்சு முதலில் கையில் கொஞ்சம் காசும் செல்போனும் இருக்கிற நமக்குத்தான். தேவையில்லாததை வாங்குவது நாம்தான். வாங்கிய வேகத்தில் மறப்பதும் நாம்தான்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் எளிமையாக வாழ்ந்தார்கள்" என்று சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் பாட்டிமார் ஒரே கம்பளியைப் பல வருஷம் போர்த்தினார்கள் என்றால் வேறு கம்பளி வாங்க வழியில்லை. அதை ஒரு கொள்கையாக அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நமக்குத் தேர்ந்தெடுக்க முடிகிறது. எதை வாங்குவது, எப்போது வாங்குவது, அந்தக் காசு யார் கைக்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்க முடிகிறது. அந்த யோசனையைத்தான் நான் நிதானம் என்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

சமையலறை அலமாரியிலிருந்து. அடுத்த முறை கடைக்குக் கிளம்பும் முன் இருக்கிற டப்பாக்களைத் திறந்து பாருங்கள். பாதி பாக்கெட் ரவை இரண்டு இடத்தில் இருக்கும். காலாவதியான மசாலா ஒன்று கட்டாயம் இருக்கும். இருப்பதைத் தீர்த்துவிட்டு வாங்குவது என்று ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பேசலாம்.

மலையில் வாங்குவதற்கும் சமவெளியில் வாங்குவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. இங்கே ஒவ்வொரு பொருளும் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகவோ குஞ்சப்பனை வழியாகவோ கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் குடித்து ஏறி வருகிறது. ஏறி வந்த பொருளின் கவரும் பாட்டிலும் அட்டையும் பெரும்பாலும் இறங்கிப் போவதில்லை. ஊர் முழுக்கச் சரிவு. ரோட்டோரம் வீசியது மழையில் ஓடைக்குப் போகும், ஓடை மாயாற்றிலோ பவானியிலோ சேரும், இரண்டும் கடைசியில் பவானிசாகரில் தேங்கும். நாம் இங்கே எறிவது கீழே இருப்பவர்களின் வாய்க்கால் தண்ணீரில் போய் நிற்கிறது.

சரிவில் இறங்காமல் தங்குவதைக் காட்டு விலங்குகள் கிளறுகின்றன. குப்பைத் தொட்டியில் வாய் வைத்து நிற்கும் காட்டுமாட்டை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. எண்ணெய்க்கும் இனிப்புக்கும் பழகிய கரடி பேக்கரிக் கதவையும் கோயில் கதவையும் உடைத்த செய்தி அடிக்கடி வருகிறது. பிறகு அந்தக் கரடிக்குக் கூண்டு வைக்கச் சொல்லிப் போராட்டம் நடக்கிறது. மிச்சச் சாப்பாட்டை பாலிதீனில் கட்டிப் போட்டவர்களைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த மாவட்டம் இதில் முன்னோடியாகவும் இருந்திருக்கிறது. 2000-ம் ஆண்டு வாக்கிலேயே இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். அதே ஆண்டு இங்கே சின்ன தண்ணீர் பாட்டில்களையும் தடுத்து, பல இடங்களில் தண்ணீர் ஏடிஎம் வைத்தார்கள். டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் திட்டமும் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 மே மாதம் முதலில் நீலகிரியில்தான் தொடங்கியது. உடைந்த பாட்டில் காட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் வந்த ஏற்பாடு அது.

தடைக்குள் வராதவைதான் இப்போது பெரிய தலைவலி. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கெட் உறை, ஷாம்பு சாஷே எல்லாம் பல அடுக்கு ஒட்டிய உறைகள். பழைய பொருள் எடுப்பவர்கள்கூட அதைத் தொடுவதில்லை. இவற்றை நிறுத்த முடியாவிட்டால் பெரிய பாட்டிலாக, பெரிய பாக்கெட்டாக வாங்குங்கள். செக்கெண்ணெய்க்குத் தூக்குப் பாத்திரமும் கறிக்கடைக்கு மூடி போட்ட டப்பாவும் கொண்டு போனால் கடைக்காரர்கள் மறுப்பதில்லை. முதல் இரண்டு தடவை நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

காய்கறியை எங்கே வாங்குவது நல்லது?

இங்கே விளையும் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைகோஸ் எல்லாம் மூட்டையாகி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. அங்கே ஏலம் போகின்றன. அதில் ஒரு பங்கு திரும்ப லாரி ஏறி மலைக்கே வந்து நம் கடையில் விற்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் பிடுங்கிய கேரட்டைக் குன்னூரில் வாங்க அது மலை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர்க்க எளிய வழி உழவர் சந்தை. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்று இடத்திலும் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போக வேண்டும். வெயில் ஏறிப் போனால் மிச்சம் மீதிதான். விலைப்பலகையில் அன்றைய விலை எழுதியிருப்பதால் பேரம் பேசவும் தேவையில்லை.

சந்தையில் கழுவாத கேரட்டைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பாக ஆரஞ்சு நிறத்தில் மின்னும் கேரட் இயந்திரத்தில் போட்டு உருட்டிக் கழுவியது. தோல் உரிந்துவிடுவதால் இரண்டு நாளில் வாடி, நுனி கறுத்துவிடும். மண்ணோடு இருப்பது அதைவிட நிறைய நாள் தாங்கும். கழுவும் தண்ணீரும் சேறும் போய்ச் சேர்வது பெரும்பாலும் பக்கத்து ஓடையில்.

அப்புறம், மேரக்காய். சமவெளிக்காரர்கள் சௌசௌ என்பார்கள். இங்கே பல வீட்டு வேலியில் பந்தல் போட்டுக் காய்த்துக் கிடக்கும். பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும் காயை ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் கடையில் போய் வாங்க வேண்டியதில்லை. பழமும் பருவத்தோடு வரட்டும். பிளம்ஸ் மே மாதத்தில் வரும், பேரிக்காய் ஆடி ஆவணியில், பர்லியார் பக்கத்து மங்குஸ்தான் கோடை முடிந்து மழை தொடங்கும்போது. மற்ற மாதத்தில் ஆப்பிள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிளம்ஸுக்காகப் பத்து மாதம் காத்திருந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

டீத்தூள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இந்த மலையில் இருந்துகொண்டு எந்த ஊரிலோ கலந்து அடைத்த டீத்தூளைக் குடிப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு கிலோ டீத்தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சைத் தேயிலை வேண்டும். பறித்த செடி மறுபடி கொழுந்து விட பத்துப் பதினைந்து நாள் ஆகும். இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு இதையே நம்பியிருக்கின்றன. பச்சைத் தேயிலைக்கு உரிய விலை கேட்டு அவர்கள் போராடாத வருஷம் இல்லை. கடையில் டீத்தூள் விலை ஏறும்போது அந்த ஏற்றம் அவர்கள் கைக்கு வந்து சேர்வதும் அபூர்வம்.

இப்படிப்பட்ட சிறு விவசாயிகளுக்காக 1965-ல் உருவானது இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையம். கட்டபெட்டு, கைகாட்டி, மஞ்சூர், இத்தலார், கின்னக்கொரை என்று 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அதில் இருக்கின்றன. ரேஷன் கடையில் கிடைக்கும் ஊட்டி டீ அவர்களுடையது. டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் இன்னொரு வரலாறு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தர அரசு நட்ட தோட்டங்கள் அவை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்றை வாங்கினால் காசு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. வெள்ளை வடிகட்டும் தாளில் கொஞ்சம் டீத்தூளைப் பரப்பி, பச்சைத் தண்ணீரைத் தெளியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிட்டுப் பாருங்கள். தாளில் கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் இறங்கியிருந்தால் சாயத்தூள் சேர்ந்திருக்கிறது. நல்ல தூள் குளிர்ந்த தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது.

பாலில்லாமல் குடிக்கப் பிடித்தவர்கள் ஆர்தடாக்ஸ் டீயை ஒரு முறை பாருங்கள். இலை உருட்டப்பட்டிருக்கும், நொறுங்கியிருக்காது. கொதித்து இறக்கிய தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் மூடி வைத்தால் போதும். வடிகட்டியதும் அடியில் பாருங்கள், கறுப்பாகச் சுருண்டிருந்தது விரிந்து, செம்புப் பழுப்பில் முழு இலையாகக் கிடக்கும். காம்பு தெரியும், ஓரத்துப் பல் தெரியும். அந்த இலையில் இரண்டாவது முறையும் டீ இறக்கலாம். இந்த மூன்று நிமிடம் போனை எடுக்காமல் நிற்பதுதான் நாளில் எனக்குப் பிடித்த நேரம்.

மலைத்தேன் என்று ரோட்டோரம் விற்கிறார்களே, நம்பலாமா?

எல்லாவற்றையும் நம்ப முடியாது. இங்கே பாறையில் பெருந்தேனீ கட்டும் கூட்டிலிருந்து தேன் எடுப்பவர்கள் குறும்பர், இருளர் என்ற பழங்குடி மக்கள். கொடியில் முறுக்கிய ஏணியில் செங்குத்துப் பாறையில் இறங்கி, புகை போட்டு எடுக்கிறார்கள். வருஷத்தில் சில மாதங்கள்தான் கிடைக்கும். எல்லா நாளும், எல்லா வளைவிலும், பாட்டில் பாட்டிலாக விற்க அவ்வளவு தேன் இந்தப் பாறைகளில் இல்லை.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது போன்ற சோதனைகளை விட்டுவிடுங்கள். சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அப்படியேதான் அடியில் போய்த் தங்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் ஒரே நல்ல வழி. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை 1990-களிலிருந்து தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடு வேலை செய்கிறது. அந்த முயற்சிகளிலிருந்து வளர்ந்த ஆதிமலை என்ற உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பழங்குடி மக்களே பங்குதாரர்கள். காட்டுத்தேன் கடைத்தேனைவிட நீர்த்திருக்கும். நாவல் பூத்த காலத்துத் தேன் லேசாகக் கசக்கும். உறைந்து சர்க்கரை போலக் கட்டினால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

தோடர் எம்பிராய்டரி சால்வை ஏன் இவ்வளவு விலை? அதே மாதிரி 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

அதே மாதிரி என்பதில்தான் கேள்வி. நீலகிரியின் பழங்குடி மக்களான தோடர்கள் மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர். இந்த வேலையைச் செய்பவர்கள் அவர்களில் பெண்கள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் நூல். துணியை இழுத்து மாட்டும் மரச்சட்டம் கிடையாது, துணியில் பென்சிலால் வரைந்த கோடு கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியை நுழைக்கிறார்கள். ஒரு இழை தவறினால் அந்த வரிசையின் கோலமே சாயும். திரும்பப் பிரிக்க வேண்டும். அவர்கள் போர்த்தும் புத்குளி என்ற போர்வை இந்த வேலைப்பாடு உடையது. 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கையில் வாங்கி விரலால் தடவிப் பாருங்கள். கைவேலையில் நூல் புடைத்து நிற்கும், ஒவ்வொரு வளையமும் ஒரு மயிரிழை முன்னே பின்னே இருக்கும். புரட்டினால் பின்பக்கமும் பார்க்க அழகாக இருக்கும். இயந்திர வேலையிலும் அச்சிட்டதிலும் இந்த இரண்டும் இருக்காது. பெரிய சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும் உழைப்பு அது. அந்த விலை உங்களுக்குக் கட்டுபடி ஆகவில்லையா, வாங்காமல் இருங்கள். சின்ன பர்ஸோ செல்போன் பையோ வாங்குங்கள். போலியை மட்டும் வாங்காதீர்கள். இழையை எண்ணும் கைக்குப் போக வேண்டிய காசு போலிக்குப் போகக் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி?

வர்க்கி வாங்குங்கள், மொறுமொறுப்பான ஊட்டி பிஸ்கெட் அது. விறகு அடுப்பில் சுடும் பேக்கரிகள் இன்னும் இருக்கின்றன, காகிதத்தில் கட்டித் தருவார்கள். டீயில் தோய்த்துச் சாப்பிட அதற்கு ஈடில்லை.

சாக்லேட்டுக்கு ஊட்டிக் குளிர் உதவுகிறது, கோகோ இந்த உயரத்தில் விளைவதில்லை. நிறைய கடைகளில் விற்பது கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்புப் போட்ட கட்டிகளை உருக்கி அச்சில் ஊற்றியது. கடையில் கேட்டுப் பாருங்கள். கோகோ வெண்ணெய் போட்டதாக இருந்தால் அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். ஒரு கிலோ கலவையைவிட நூறு கிராம் நல்லது எனக்குப் போதும்.

ஸ்வெட்டர், கம்பளி இல்லாமல் இங்கே இருக்க முடியாதே?

முடியாது. ஆனால் வருஷத்துக்கு ஒன்று வேண்டியதில்லை. முழங்கை தேய்ந்த கம்பளி ஸ்வெட்டரை எங்கள் ஊரில் இன்னும் பிரித்துப் பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். தையலை வெட்டி, கழுத்துப் பக்கமிருந்து நூலை இழுத்துப் பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றிச் சுற்றிக் கண்டு போடுவார்கள். பிரித்த நூல் அலை அலையாகச் சுருண்டிருக்கும். அதை நனைத்து, அடியில் ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினால் நேராகிவிடும். அப்பாவின் ஸ்வெட்டர் குழந்தைக்குக் குல்லாவும் கால் உறையுமாக மாறும். பிரிக்க முடியாத ஸ்வெட்டரை இவர்களிடம் கொடுத்து ஒட்டுப் பின்னல் போடலாம். புதிதாக வாங்குவதென்றால் அக்ரிலிக்கை விடுத்து கம்பளி கலந்ததை வாங்குங்கள். அக்ரிலிக் முடிச்சு முடிச்சாக உருண்டுவிடும், பிரித்தாலும் உதவாது.

ஆன்லைனில் வாங்குவதை முழுவதும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். மருந்து, புத்தகம், இங்கே கிடைக்காத உதிரி பாகம் என்று தேவை இருக்கிறது. கூடையில் போட்டுவிட்டு ஒரு வாரம் விடுங்கள். வாரம் கழிந்தும் ஞாபகம் இருந்தால் வாங்குங்கள். தனித்தனியாக ஆர்டர் போடாமல் சேர்த்துப் போடுங்கள், ஒரு சின்ன பொருளுக்காக ஒரு வண்டி மலை ஏற வேண்டாம். இரவு பதினொரு மணிக்குமேல் எதையும் வாங்குவதில்லை என்ற ஒரே விதி மட்டும் போதும் என்பேன். அந்த நேரத்தில் வாங்கியவைதான் பெரும்பாலும் திறக்காமலேயே கிடக்கின்றன.

இரண்டு நாள் சுற்றுலா வருகிறோம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எல்லையும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நேரமிருந்தால் மலை ரயிலில் வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் எடுக்கும். அந்த ஐந்து மணி நேரமும் பயணத்தில் சேர்த்திதான்.

ஒரு நாளில் பத்து இடம் என்ற பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். தண்ணீர் பாட்டிலும் துணிப்பையும் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். கொண்டு வந்த உறைகளைக் கீழே எடுத்துப் போங்கள், எங்கள் குப்பைக் கிடங்கைவிட உங்கள் ஊருடையது பெரியது.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்காவிட்டால்?

விட்டுவிடுங்கள். உங்கள் பையை நீங்கள் எடுத்துப் போங்கள். குழந்தைகளுக்கு உபதேசம் செய்வதைவிட அவர்களோடு ஒரு நாள் உழவர் சந்தைக்குப் போவது பலன் தரும்.

நாம் வாங்குவதைக் குறைத்தால் இங்கே கடை வைத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

இந்தக் கேள்விதான் எனக்கு நெருடலாக இருப்பது. கோடை சீசனையும் செப்டம்பர், அக்டோபரின் இரண்டாம் சீசனையும் வைத்துத்தான் பல குடும்பங்கள் வருஷத்தை ஓட்டுகின்றன. பொம்மைக் கடைக்காரர் நாம் குறைப்பதை உணரத்தான் செய்வார். பதில் எதுவும் இல்லாத இழப்பு அது என்று நான் நினைக்கவில்லை, வலிக்காத இழப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

நான் செய்வது இதுதான். மொத்தச் செலவை ஒரேயடியாகக் குறைக்காமல் இடம் மாற்றுகிறேன். கூரியரில் போன காசு தையல்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் குக்கர் பழுது பார்ப்பவருக்கும் போகட்டும். அவர்களிடம் பேரம் பேசுவதில்லை, கடன் வைப்பதில்லை. இந்தத் தொழில்களுக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது. வேலை தொடர்ந்து வந்தால்தான் அவர்கள் இந்த ஊரில் இருப்பார்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். குடையின் கம்பி போயிருந்தால் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள், ஐப்பசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.